ஆரியங்காவு, ராத்திரி பதினொன்றே கால்

மழை வந்தால் மட்டும்தான் இந்த நோய்.
தென்காசியில் பிளக் நான்கையும் மாற்றினார்கள்.
செங்கோட்டையில் காயில்.
கடையநல்லூர்க்காரன் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றி
கையும் களவுமாகப் பிடித்த திருடனைப் போல
என்னிடம் காட்டினான்.
அவர்கள் வாசலில் வெயிலில் நிறுத்தினால்
ஆய்வாளர் வந்த நாளின் வகுப்பறை மாதிரி
அத்தனை ஒழுங்கு,
என் எழுபத்தாறாம் வருஷத்து அம்பாசிடர்.

புளியரை வளைவுகளில் இருமத் தொடங்கியது.
ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் மாட்டின் உதறல்.
செக்போஸ்ட் கம்புக்கு முன்னால் நின்றே விட்டது.
பின்னால் வாழைக்காய் லாரி,
ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"எந்தா பற்றி?"
குடையோடு வந்தவரின் சட்டையில் பிரசன்னன் என்று பெயர்.

பானெட்டைத் தூக்கினேன்.
டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் தட்டி
மூடியைக் கவிழ்த்தால் உள்ளே வியர்வை.
துடைத்தேன். ரோட்டர் நுனியில் கொஞ்சம் கருகல், பரவாயில்லை.
நடுக்கரி தன் சுருளில் துள்ளுகிறது.
பாயின்ட் இடைவெளி போன மாதம் நானே வைத்தது.
மூடியை மாட்டி வயர்களைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன்:
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
பிரசன்னன் என்னைப் பார்த்தார்.
எண்ணத் தெரியாதவளை
இந்நேரத்தில் யார் தனியாக அனுப்பியது என்ற பார்வை.

"அந்த டியூப் லைட்டை அணைக்க முடியுமா?"
"அது செக்போஸ்ட் லைட்டாணு. அணைக்கான் பாடில்ல."
"நெருப்பு எங்கே ஒழுகுதுன்னு பார்க்கணும் சார்.
வெளிச்சத்தில் தெரியாது."

லாரிக்காரன்தான் முதலில் தன் விளக்கை அணைத்தான்.
பிறகு, ஒரு நிமிடம் தந்தார்கள்.

இருட்டு.
இரண்டு மாநிலத்திலும் மழைக்கு ஒரே சத்தம்.
லாரிக்காரன் என் சீட்டில் உட்கார்ந்து செல்ப் அடிக்க,
கறுத்த மூடியின் மேல்
ஒரு நீலப் பூரான்
மூன்றாவது வயரிலிருந்து நான்காவதுக்கு ஓடியது.
நின்றது.
மறுபடி ஓடியது.
"அய்யோ" என்றார் பிரசன்னன், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு.
அப்போதுதான் விளக்குப் போடாத ஒரு பைக்
கம்பின் ஓரமாக நழுவி மலை இறங்கியது.
நாங்கள் யாரும் தலை திருப்பவில்லை.

வெளிச்சம் வந்தது. முடியைவிட மெல்லிய கீறல்.
அதன் கருப்பைப் பிளேடால் சுரண்டி,
அவர்கள் டீ அடுப்பின் ஓரம் வைத்து உலர்த்தி,
கைப்பையிலிருந்த நகப்பூச்சை எடுத்தேன்.
நாளை கொல்லத்தில் கையெழுத்துப் போடும் விரல்களுக்கென
வாங்கிய மாதுளை நிறம்.
இரண்டு பூச்சு.
காயும்வரை மூன்று பேரும் மாறி மாறி ஊதினோம்.
யாருடைய மூச்சில் பீடி என்று கேட்கக் கூடாது.

ஒரே அடி. நான்கு காலும் தரையில்.

பிரசன்னன் பதிவேட்டைத் திறந்து
பேனாவை உதறி உதறி எழுதினார்.
எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும்.
எட்டிப் பார்த்தேன்:
விளக்கு அணைத்தது, ஒரு நிமிடம். காரணம், தீயைக் காண.

பைக்கைப் பற்றி ஒன்றும் இல்லை.