வண்டி எங்கே உறங்கும்

நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார்கள்.
இருபத்துநான்கு. போடுகிறேன்.
ஒன்பது மணிக்கு மூன்று ஊரும் உள்ளே வரும்,
காலணிப் பனியை உதறும்,
முதுகைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து
மூன்று கும்பலாக உட்காரும்.
ஒன்பதேகாலுக்கு என் வட்டம்
கடித்து வைத்த ரொட்டி.

சஸ்காச்சுவானின் இந்த மூலையில்
சேர்ந்து வேலை செய்யச் சொல்லித்தரும்
வட்டார மையம் இது. முன்பு வங்கி.
பெட்டக அறையில் இப்போது
வண்ணச் சீட்டுகளைப் பூட்டிவைக்கிறோம்.
சாவி என்னிடம். காபியும் என் பொறுப்பு.

தனிமரம் தோப்பாகாது என்று சொல்லலாம்தான்.
மரத்துக்கு எங்கே போவது?
அறுத்த கோதுமையின் அடித்தாள், அதன்மேல் பனி,
அதன்மேல் காற்று.

இந்த முறை பாடம், தீயணைப்பு வண்டி.
ஊருக்கு ஒன்றாக மூன்று இருந்தன.
ஒன்று துருப்பிடித்தது, ஒன்றை விற்றாயிற்று.
மிச்சமுள்ள ஒன்று
எந்த ஊரில் உறங்கும்?

ரெஜைனாவிலிருந்து பயிற்சி தர வந்த ரோஷெல்
நீலக் கம்பளி நூல்கண்டு ஒன்றைக் கொடுத்து
ஒருவருக்கொருவர் எறியச் சொன்னாள்.
"பாருங்கள், நாம் ஒரு வலை" என்றாள்.
ஓரெஸ்ட் பலமார்ச்சுக் பார்த்தார்.
"கன்றுக்குட்டி மாட்டினால் செத்துப்போகும்."

பிறகு சுவரில் மூன்று தலைப்புகள்.
நம் பலம். நம் தடை. நம் கனவு.
பெயர் போடாமல் எழுதி ஒட்டுங்கள்.

மாலையில் எல்லாரும் போனபின்
ஹீட்டரின் உலர்காற்றில் பசை விட்டு
ஒவ்வொன்றாய் உதிர்ந்தன சீட்டுகள்.
துடைப்பத்தோடு நின்று படித்தேன்.
நல்ல சாலை. இளைஞர்கள். நல்ல சாலை.
மறுபடி ஒரு ஹாக்கி அணி.
அப்புறம் ஒன்று, பென்சிலில்:
என் அண்ணன் கொட்டகை எரிந்த ராத்திரி
நீங்கள் வரவில்லை.

கையெழுத்து எனக்குத் தெரியும்.
ஆறாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு.
சொல்ல மாட்டேன்.

எதன்கீழ் ஒட்டுவது இதை?
பலத்திலா, தடையிலா, கனவிலா?
படம் மாட்ட ஆணி தேடுகிறவளைப்போல
மூன்றிலும் பிடித்துப் பார்த்தேன்.
கடைசியில் காபிப் பாத்திரத்தில் ஒட்டிவிட்டு
விளக்கை அணைத்தேன்.

மறுநாள் மைனஸ் முப்பத்தொன்று.
காபி வேண்டாம் என்பார் எவருமில்லை.
ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்,
குழாயைத் திறந்தார்கள், படித்தார்கள்,
சர்க்கரையை மறந்து திரும்பினார்கள்.

பத்தரை மணிவரை ரோஷெல் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.
குறுக்கே புகுந்தது வெர்னா தீசனின் குரல்.
"கிளம்பினோம். கிளம்பாமல் இல்லை.
பாதி வழியில் பார்த்தால் வால்வு உறைந்துபோயிருக்கிறது.
தண்ணீர் வராத வண்டியோடு
எந்த முகத்தோடு வருவது?
நாலு மைல் தள்ளி நின்று
வானம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம் திருப்பினோம்."

யாரும் எழுந்து யாரையும் தழுவவில்லை.
ஓரெஸ்ட் காதில் செருகிய பென்சிலை எடுத்தார்,
வைத்தார், மறுபடி எடுத்தார்.
"பித்தளை வால்வா?"
"பித்தளை."
"என்ன அளவு?"
"ரெண்டரை அங்குலம்."
"கம்பளி சுத்தியிருக்கணும்."
"இப்போ தெரியுது."

ஏரிக்கரை கிரீ குடியிருப்பிலிருந்து வந்த டெல்ஃபின்
அதுவரை வாய் திறக்காதவள்:
"எங்க கராஜில் ஹீட்டர் இருக்கு.
குளிர் முடியும்வரை அங்கே நிற்கட்டும்."
"குளிர் எப்போ முடியும்?"
அதற்கு ஒரு சண்டை.
டீசல் யார் ஊற்றுவது என்பதற்கு இன்னொன்று;
நாலு மணிவரை நடந்தது, முடியவில்லை.

நாற்காலிகளை அடுக்கப் போனேன்.
வட்டம் இல்லை. மூன்று கும்பலும் இல்லை.
தடம்புரண்ட சரக்கு ரயில்போலக் கிடந்தன,
ஒன்றின் கால் இன்னொன்றின் கைக்குள்.

சீட்டுகளை எண்ணினேன், பேனாக்களை எண்ணினேன்.
நூல்கண்டைக் காணவில்லை.
மேசைக்கு அடியில், கோட்டு மாட்டும் இடத்தில்,
எங்குமில்லை.
பெட்டகக் கணக்கில் எழுதினேன்:
கம்பளி நூல், நீலம். குறைவு ஒன்று.
காரணம் என்ற கட்டத்தை
காலியாக விட்டேன்.