வெற்று எடை

எண்ணூரில் ரயிலை விட்டு இறங்கி
நாலு ஆட்டோக்காரர்களைக் கேட்டேன்.
மூன்று பேருக்குத் தெரியவில்லை.
நாலாமவர் தெரியும் என்றார்,
சுடுகாட்டு வாசலில் இறக்கிவிட்டார்.
அங்கே சாவுக்கு வந்திருந்த ஒருவர்
செருப்பைக் கையில் பிடித்தபடி சொன்னார்:
"கரித்துறையா? அத்த இப்ப
பார்க்கா ஆக்கிட்டாங்கன்னு கேள்வி.
நேராப் போ. குழாய் வரும்.
குழாயக் கைவிடாத."

கைவிடாமல் நடந்தேன்.
சாம்பல் போகும் குழாய்.
மூட்டு கசிந்த இடமெல்லாம்
சிமெண்டு நிறத்தில் குட்டித் தீவுகள்,
ஒன்றின்மேல் ஆடு.

நதிமுகப் பொழுதுபோக்கு வெளி என்று
பலகை வைத்திருக்கிறார்கள்.
'பொ' கழன்று விழுந்துவிட்டது.
அந்த இடத்தில் யாரோ கரியால்
'அ' எழுதியிருக்கிறார்கள்.
கரிக்கா பஞ்சம்.

காவல் கூண்டில் டெல்லிபாபு.
சட்டையில் தைத்திருப்பது குணசீலன்.
"அது வேலைய வுட்டுப் போனவன் பேரு, மேடம்."
டிக்கெட் கிடையாது.
"அப்டியே எடை மேடைமேல நில்லுங்க."

லாரிகள் ஏறி நின்ற இரும்புத் தட்டு.
நட்டநடுவே நான், கைப்பையோடு,
கல்யாண மண்டபத்தில் யாரோ
மறந்துவிட்டுப் போன டிபன் டப்பா மாதிரி.
சிவப்பு எண்கள் வெகுநேரம் யோசித்து
அறுபது என்றன.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ண வரும்.

கரிக் கம்பெனியின் பழைய பேரேடு,
பாதிக்குமேல் வெற்றுப் பக்கம்.
வண்டி எண்ணுக்கு நேரே
சுகிர்தா என்று எழுதினார்.
சரக்கு என்ற இடத்தில்
பேனாவைக் காதில் சொருகி, எடுத்து,
'சும்மா' என்று போட்டார்.
வெற்று எடை அறுபது.
எனக்கு மேலே, காலையிலிருந்து,
ஒரே ஒரு ஜோடி: நூற்றுப் பத்து.
சேர்ந்தே நின்றிருக்கிறார்கள்.

அந்த ஜோடி கிரேனுக்கு அடியில் இருந்தது.
கிரேனுக்கு மஞ்சள் அடித்து
கொக்கியில் ஒரு மணி தொங்கவிட்டிருக்கிறார்கள்,
அடிக்க எட்டாத உயரத்தில்.
கரி ஓடிய ரப்பர் பட்டைகளே பெஞ்சுகள்.
உட்கார்ந்தேன். சுட்டது. எழுந்தேன்.
கயிறு கட்டும் இரும்புக் குத்திகளுக்குச்
சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்துப்
பொன்வண்டு ஆக்கப் பார்த்திருக்கிறார்கள்.
அக்கரையில் புகைபோக்கிகள்.
ஒன்றுதான் புகைந்தது,
மற்றவை அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

கொசஸ்தலை ஏறிக்கொண்டிருந்தாள்.
கடல் உள்ளே தள்ளுகிற நேரம்.
மார்பளவுத் தண்ணீரில் ஒரு பெண்,
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் சேற்றைத் தடவி
இறால் எடுத்தாள்.
தலை மட்டும் நகர்ந்து வந்தது.
துறைப் படிக்கட்டில் ஏறியதும்தான் தெரிந்தது,
இடுப்புக்குக் கீழே ஆண் சட்டை,
முழங்கால் வரை கறுப்பு.

நேரே எடை மேடைக்குப் போனாள்.
பறியோடு நின்றாள்: ஐம்பது.
பறியைக் கீழே வைத்து நின்றாள்: ஐம்பது.
"தெனம் இதேதான்," என்றாள்.
"என்னிக்காச்சும் அறுவது காட்டாதான்னு பாக்குறேன்."
சிரித்தாள். பல்லில் கயிற்றின் நார்.
டெல்லிபாபு பேரேட்டைத் தொடவில்லை.
"கன்னிம்மாவ எழுதறதில்ல. அது விசிட்டர் இல்லியே.
இந்தக் கேட்டு வழியா வந்ததே இல்ல."

நான் மறுபடி நின்றேன்.
கைப்பையில் கால்கிலோ இறால்,
தேக்கிலையில் சுற்றி.
அறுபது.
பார எடை அறுபது என்று எழுதி
வித்தியாசம் என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்தார்.
"கரி எடுத்த காலத்துலயும் இதான் மேடம்.
பத்து கிலோவுக்குக் கீழ
இன்னா போச்சு, எங்க போச்சு,
இதுக்குத் தெரியாது."

திரும்பும் ரயிலில்
கால்மேல் கால் போட்டேன்.
எதிரே வெள்ளைச் சீருடைப் பையன்
என் செருப்பின் அடியைப் பார்த்தான்,
முழங்காலை மெதுவாக
நகர்த்திக்கொண்டான்.