நாலிழை

ஜூன் பதினைந்துக்குள் நூற்றி இருபது ஆமை.
ஜிப் வைத்த பவுச், உள்ளே லைனிங்,
முன்பக்கம் பச்சையில் ஒன்று, இடதுபுறம் பார்த்தபடி.
வலதுபுறம் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார் காதர்பாட்சா.
ராமேஸ்வரத்தில் கடை. கையில் எப்போதும் ஸ்கேல்.

தடைக்காலம்.
பாம்பன் வடகடலில் விசைப்படகுகள்
கயிற்றில் ஆடிக்கொண்டு சும்மா கிடக்கின்றன.
கிளாட்வின் எதிர்ச்சுவரில் சாய்ந்து வலை பொத்துகிறான்.
வீட்டில் இரண்டு ஊசி, ஒரு மின்விசிறி.

ஆமை ஒன்றுக்கு நாற்பது நிமிடம்.
எழுபத்தைந்து ரூபாயில்
துணி, நூல், ஜிப் போக நாற்பத்தொன்று.
நிமிடத்துக்கு ஒரு ரூபாயும் கொஞ்சம் சில்லறையும் என்று
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதாத கணக்கு
கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கிறது.
எட்டு முழக் காடாத்துணி. பதினாலு மாதம்.
தென்கடலின் அடியைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்,
ஒருநாளும் இறங்கிப் பார்க்காத அடியை.
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எப்போதோ முடித்திருப்பேன்.

ஆறிழை நூல் என்று பேசித்தான் ஆர்டர் வாங்கினேன்.
பிரித்து நாலிழையில் ஆமையைத் தைக்கிறேன்.
மிச்சம் இரண்டு இழை கட்டிலுக்கடியில் போகிறது.
என் ஆமைகள் கொஞ்சம் மெலிந்தவை.
ஸ்கேல் நீளத்தைத்தான் அளக்கும்.

போன செவ்வாய் அவரே வந்துவிட்டார், எண்பதை வாங்கிப்போக.
துணி விரிந்து கிடந்தது. மறைக்க நேரமில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்.
வெகுநேரம் நின்றார், அதைச் சொல்லியாக வேண்டும்.
"பதினைந்தாயிரம் தரேன், ரெமீனா."
வலை ஊசி நின்றது.
"இதே மாதிரி இன்னும் பத்து வேணும்.
மூலையில ஒரு ஆமையும் வச்சிரு."
சிரித்துவிட்டேன்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டு
பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் செல்மா.
பாசி எடுக்கப் போகிறவள்.
பவுச் வெட்டிய துண்டுகளை அவளுக்குத்தான் சேர்த்து வைப்பேன்.
தடை முடிந்து இறங்கும்போது
பாறை கிழிக்காமல் பத்து விரலிலும் சுற்றிக்கொள்வாள்.
துண்டுகளை மடியில் கட்டியபடியே குனிந்து பார்த்தாள்.
"அழகாத்தான் இருக்கு" என்றாள்.
பிறகு,
"இந்தக் கட்டக்கோரையை யாரு நட்டது?
தென்னம்பிள்ளை மாதிரி விறைச்சு நிக்கிது.
கச்சான் அடிக்கையில எல்லாம் ஒரே பக்கமா சாயும்.
பாறையைப் பிடிக்கலைன்னா நம்மளும் சாய வேண்டியதுதான்."
முழங்கையை ஊன்றி
மணிக்கட்டிலிருந்து கையைத் தளரவிட்டுக் காட்டினாள்.
ஒருதரம். மறுபடி ஒருதரம்.
விரல்கள் கடைசியில்தான் வந்தன.

அவள் போன பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன்.
மூன்று வாரத்துச் சங்கிலித் தையல்.
முதல் கண்ணி அறுந்தால் மீதியெல்லாம்
இழுத்த இழுப்புக்கு ஓடி வருகிறது.
பிரித்த நூலை நீவினேன்.
எத்தனை நீவினாலும் நேராகவில்லை.
துணியில் கிடந்த நெளிவெல்லாம் அதில் கிடந்தது.
எறியப் போனவள் எறியவில்லை.
அப்படியே துணிமேல் போட்டுப் பார்த்தேன்.
ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கரண்ட் போய்விட்டது.
ரயில் பாலத்தில் ஏறும் சத்தம்.
இருட்டில் கிளாட்வின் கேட்டான்:
"அப்ப அந்தப் பதினைந்தாயிரம்?"
அவன் கேட்டதில் தப்பில்லை.
இன்ஜின் கடன் ஜூலையில் வட்டியோடு நிற்கும்.
என்னிடம் பதில் இல்லை, அதுவும் உண்மை.

செல்போன் வெளிச்சத்தில்
எண்பத்தொன்றாவது ஆமைக்கு நூல் எடுத்தேன்.
நுனியைப் பல்லில் கடித்துப் பிரித்தேன்.
இரண்டைத் தனியாக வைத்தேன்.
நாலைக் கோத்தேன்.