ஏறாத வண்டி

உச்சிப்புளி ரயில்வே கேட் தாண்டியதும் முறுக்குகிறேன்.
சத்தம் எழுபதில் போகிறது,
முள் இருபத்தெட்டில் நிற்கிறது.
நுங்கு மூட்டை கட்டிய சைக்கிள்காரர்
என்னை முந்திப் போகையில்
திரும்பிப் பார்த்தார்,
பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

பெட்ரோலில் கலப்படம் என்றார்கள். பங்க்கை மாற்றினேன்.
பிளக் என்றார்கள். கழற்றினால்
பிஸ்கட் நிறத்தில் சமர்த்தாக இருந்தது.
ஏர் பில்டரைத் தட்டினேன்,
புதுமடம் கடற்கரையில் ஒரு கைப்பிடி விழுந்தது.
அதற்குப் பிறகும்
கச்சான் எதிரே அடித்தால்
வண்டி நின்று யோசிக்கத்தான் செய்தது.

செவ்வாய்தோறும் எனக்குத் தவணை வசூல்.
களிமண்குண்டில் பாசிக்கு முங்கும் பெண்கள்
பதினொரு பேர், ஆளுக்கு அறுநூற்று நாற்பது.
ஒருத்தி குறைந்தாலும் குழுவே குறை.
ஒரு வாரம்கூடக் குறைந்ததில்லை.
நல்ல குழு என்று
அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நாகூர்கனி பேச மாட்டான்.
பக்கவாட்டு மூடியைக் கழற்றி
பெல்ட்டை என் கையில் போட்டான்.
கண்ணாடி போல வழுக்கியது.
அப்புறம் ஆறு ரோலர்கள்,
ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தேய்ந்து தட்டை.
"உருளத்தான வச்சிருக்கு. உக்காந்துருச்சு."
அதோடு விடவில்லை.
நடு ஸ்டாண்டில் ஏற்றி
பின் சக்கரத்தைக் கையால் சுழற்றினான்.
அரைச் சுற்று.
நின்றது.

பிரேக் கேபிளில் உப்பு பிடித்து
பிடித்த பிரேக் திரும்பவே இல்லை.
"எத்தன மாசமா சார்
பிரேக்க பிடிச்சுக்கிட்டே போறீக?"
எனக்குத் தெரியவில்லை.

ஆயிரத்து எழுநூறு ரூபாய்.
அடுத்த செவ்வாய்
தார் ரோட்டில் முள் அறுபதைத் தொட்டது.
சட்டை முதுகில் உப்பியது.
உடைமர வளைவில் திரும்பி
கூப்பிடு தூரத்தை நினைப்பதற்குள்
கொட்டகை முன்னால் நின்றேன்.

இருளாயியின் கை அந்தரத்தில் இருந்தது,
பூமயிலை நோக்கி, நாலு நூறுகளோடு.
ஒருத்தி அரிசி டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
ஒருத்தி மகனின் உண்டியலில்
கொண்டை ஊசியை விட்டிருந்தாள்.
இன்னொருத்தி பின்வேலி வழியாக
யார் வீட்டுக்கோ ஓடிக்கொண்டிருந்தாள்,
ஈரப் பாவாடை காலில் தட்ட.
எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

பழைய வண்டி வளைவில் கதறத் தொடங்கினால்
வந்து சேர ஏழு நிமிடம்.
அந்த ஏழு நிமிடத்தில்தான்
என் நல்ல குழு தயாராகியிருக்கிறது.

பூமயில்தான் முதலில் பேசினாள்.
துக்கம் விசாரிக்கும் குரல்.
"வண்டிய சரி பண்ணிட்டீகளா?"

அடுத்த வாரம் வளைவிலேயே ஹாரனை அழுத்தினேன்.
அடிக்கவில்லை.
அதற்குள்ளும் உப்புதான்.
இறங்கி, சும்மா,
டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.