பட்டைமரப்பு

இலை உதிர்ந்து வெட்டு நின்ற மாசியில்
ராத்திரி பத்தரைக்கு ஒரு மேசை திறந்தேன்.
ஒரே மேசை. ஆறு பேர்.
எல்லாருக்கும் முகத்துக்குப் பதில் ஒரு வட்டம்.
ஏஸ் வந்தாலும் நடுங்கினேன்,
ஏழு வந்தாலும் நடுங்கினேன்.

காளியலில் ஒட்டுப்பால் எடைபோட்ட எட்டாயிரம்
இதற்கென்று ஒதுக்கியது.
எட்டாயிரத்தை நாற்பது பங்கு வை,
ஒரு பங்குக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோகாதே.
எனக்கு நானே எழுதிய சட்டம்,
தாசையன் முதலாளி தந்த நோட்டின் பின்பக்கம்.
முன்பக்கம் மரக்கணக்கு.

குருத்தோலை ஞாயிறு வாக்கில் நாலு மேசை.

நாலு மேசை என்றால் நாலு மடங்கு ஆட்டம் என்று நினைத்திருந்தேன்.
நாலு மடங்கு மடக்குவதுதான் வேலை.
மேலே இடது: ஒன்பது, ரெண்டு. மடக்கு.
மேலே வலது: குலான், நாலு. மடக்கு.
கீழே இடதில் கடுவா77 என்று ஒருத்தன் கூட்டிக்கொண்டே போகிறான்,
அவன் கையில் ஒரு எளவும் இல்லை, தெரியும்,
இருந்தும் மடக்கு,
கீழே வலதில் மணி அடிக்கிறது,
எட்டு விநாடி, ஏழு, ஆறு.

ஒருநாள் ராஜா ஜோடியைத் தவறான மேசையில் மடக்கினேன்.
ரெண்டு ராஜாவும் பேசாமல் கவிழ்ந்து போனார்கள்.
சிரித்துவிட்டேன்.
விஜிலா புரண்டு படுத்து, "ஆரு அது?" என்றாள்.
"ஆருமில்ல. ராஜா."

மூணரைக்கு லேப்டாப்பை மூடி ஹெட்லைட்டைக் கட்டுவேன்.
முந்நூற்றுப் பத்து மரம்.
ஒரு நூல் கனம் சீவினால் போதும்,
பால் தானே வழி கண்டு சிரட்டைக்கு இறங்கும்.
பேராசையில் தினமும் வெட்டினால்
மரம் ஒருநாள் தருவதை நிறுத்தும்.
பச்சையாய்த்தான் நிற்கும், இலையெல்லாம் இருக்கும்,
பால் இருக்காது.
உவமைக்குச் சொல்லவில்லை.
கிழக்குச் சரிவில் இருபத்திரண்டு மரம் அப்படி நிற்கிறது.

பதினோராயிரத்து நானூறு வரை ஏறியது.
பிறகு இடவப்பாதி.
ஒன்பது நாள் மழை. வெட்டு இல்லை, கூலி இல்லை.
போனில் ஒற்றைக் கோடு சிக்னல்.
தோற்கிற கை எல்லாம் ஒழுங்காய் வந்து சேர்ந்தது,
ஜெயிக்கிற கையில் கரண்ட் போனது.
ஆறாயிரத்து முந்நூறு.

சட்டப்படி அன்றைக்கே
நூறு ரூபாய் மேசைக்கு இறங்கியிருக்கணும்.
இறங்க எனக்குக் கால் வரவில்லை.
ஐந்நூறு ரூபாய் மேசைக்கு ஏறினேன்.
மூன்று முறை உட்கார்ந்தேன்,
மூன்று முறையும் இருக்கை சூடாகும் முன்னே எழுப்பிவிட்டார்கள்.
நோட்டில் 4,800 என்று எழுதினேன்.
கை நடுங்கியதை எழுத அதில் கட்டம் இல்லை.

மழை விட்ட காலை
நாலு மரத்தில் கத்தி தடியைத் தொட்டது.

திரும்பி வந்து நோட்டை எடுத்தால்
4,800க்குக் கீழே வேறு கையெழுத்து:
கேஸ் 940
அபிஷா வேன் 1,200
குழு 650
மீதி 2,010.
ஒரு கேள்வி கிடையாது.
ஸ்கேல் வைத்து அடியில் ஒரு கோடு.

அடுக்களையில் மரச்சீனி வேகிறது.
கழித்துப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.
ரெண்டாயிரத்துப் பத்தை நாற்பதால் வகுத்தால் ஐம்பது.
ஐம்பது ரூபாய் மேசை. ஒன்று மட்டும்.
பத்து ரூபாய் மிச்சம் வருகிறது.

அதை முன்பக்கம் எழுதவா பின்பக்கம் எழுதவா என்று
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்,
அவள் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் வரை.