ஆரஞ்சு மேலங்கி

முதலில் காது போனது.
இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்;
தொட்ட விரலும் அங்கே இல்லை.
யோயன்சூ ஆற்றுப் பாலத்தின் நடுவே
சைக்கிளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு
கைகளை அக்குளில் செருகி
விரல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினேன்.

ஆறு மணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடம் திறக்கும்.
முதல் பேருந்து ஆறு பத்துக்கு.
காரை விற்ற காசு இரண்டு பல்லுக்குப் போனது.
என் வீரத்தின் முழு வரலாறு இவ்வளவுதான்.

கடைப் பையன் ஒரு சட்டையை விரித்தான்,
மூச்சு விடுகிற துணியாம்.
விலைச்சீட்டைத் திருப்பினேன்;
எனக்கு நின்றது.

பழந்துணிச் சந்தையில்
மூன்று யூரோவுக்கு ஆண்களின் கம்பளி உள்கால்சட்டை,
எனக்குத் தேவைப்படாத ஒரு திறப்போடு.
நண்டுக் கொடுக்கு மாதிரி கையுறை.
சாலைப் பணியாளர் யாரோ கழித்த
ஆரஞ்சு மேலங்கி,
முதுகில் நகராட்சியின் பெயர் பாதி உரிந்து.
அதன் உள்பையில் நான்காய் மடித்த தாள்,
பென்சில் எழுத்து:

ஐந்துக்கு, கையுறை ஒன்று போதும்.
பத்துக்கு, காதை மூடு, அழகை மற.
பதினைந்துக்கு, நெஞ்சில் செய்தித்தாள்.
இருபதுக்கு, பேருந்து.

பேருந்தை மட்டும்
பேனாவால் அடித்திருந்தது.

எங்கும் மைனஸ் என்று எழுதவில்லை.
பாதி ஆண்டுக்கு இங்கே
அதைச் சொல்லாமலே விளங்கும்.

துணி கிடைத்துவிடும்.
ஐந்து மணி இருட்டில்
அதற்குள் காலை நுழைக்கச் சொல்வது எதுவோ
அதை எந்த மேசையிலும் பரப்பி வைத்திருக்கவில்லை.
காலுறை மட்டும் போடு, பிறகு பார்க்கலாம்
என்று தினமும் எனக்கு நானே பொய் சொன்னேன்.
தினமும் நம்பினேன்.
சில நாள் காலுறையோடு கட்டிலில் உட்கார்ந்து
சுடுநீர்க் குழாய் முனகுவதைக் கேட்டேன்.
கூட வேலை செய்யும் சிர்க்கு
காரில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னாள்.
அவள் காரில் இருக்கையே சூடாகும்.
ஒரு வாரம் போனேன்.
பொய் சொல்ல மாட்டேன், சுகமாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கள் அவளுக்குக் காய்ச்சல்.
பாலம் இறங்கும் வளைவில் ஒரு கிழவர்,
கையில் நாய், நாய்க்கும் ஸ்வெட்டர்,
என்னை மறித்தார்.
"எட்டு நாளாய் இங்கே மணல் போடவில்லை.
விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால்
உங்கள் அலுவலகமா கட்டித் தரும்?"
என் முதுகைப் படித்திருக்கிறார்.
சலவைக்காரி என்று சொல்லியிருக்கலாம்.
வாய் உறைந்திருந்தது; எளிதாக வந்தது ஒரு சொல்:
"பார்க்கிறேன்."

மறுநாள் அங்கே மணல் கிடந்தது.
நான் செய்யவில்லை.
ஆனாலும் அவர் கை தூக்கினார்,
நானும் தூக்கினேன்.

அதன்பின் சிர்க்குவிடம்
வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள்.
வளைவில் ஒரு வேலை இருக்கிறது என்றேன்.
குப்பைத்தொட்டி மூடி, பேருந்து நிறுத்தத்தில் பனிக்குவியல்:
புகார்களை மனதில் சுமந்து
சூடான துணிக்குள் இறங்குவேன்.
நோயாளிகளின் விரிப்புகளை உருளையில் ஊட்டும்போது
அந்த மூடியை யார் சரிசெய்வார் என்று யோசிப்பேன்.

பிப்ரவரியில் ஒரு நாள், இருபத்து மூன்று.
பூட்டை மூச்சால் ஊதித் திறந்தேன்.
மணியை அழுத்தினால் 'டக்' என்றது, அவ்வளவே.
இமைகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.
நெஞ்சில் செவ்வாய்க்கிழமைச் செய்திகள் நொறுங்கின.
வர மாட்டார் என்று நினைத்தேன்.
நின்றிருந்தார்.

"பாலத்திலிருந்து மூன்றாவது விளக்கு எரியவில்லை."
"குறித்துக்கொள்கிறேன்."
அவர் நகரவில்லை. குறிப்பதைப் பார்க்க வேண்டுமாம்.
அந்தத் தாளையே எடுத்துத் திருப்பி
பேனாவை வைத்தேன்.
கீறியது. எழுதவில்லை. மை உறைந்துவிட்டது.

பட்டியல் ஏன் பென்சிலில் என்று
அப்போது புரிந்தது.
அந்தக் கோடு மட்டும் பேனா:
சூடான அறையில், காப்பிக்குப் பக்கத்தில்,
உட்கார்ந்து அடித்த கோடு.

சிரித்துவிட்டேன்.
புதுப் பல் இரண்டிலும்
குளிர் ஏறியது.