பத்து எண்ணும் வரை

மாற்றல் உத்தரவு வந்த வாரமே
ஹார்லிக்ஸ் பாட்டிலில் உறைமோர் எடுத்துக்கொண்டு
சேலத்தில் பஸ் ஏறினேன்.
பதினாலாவது கொண்டையூசி வளைவில்
மூடி திறந்துகொண்டது.
ஏற்காடு மின்வாரிய அலுவலகத்தில்
ஈரமான உத்தரவை வாங்கிய பொறியாளர்
ஒன்றும் கேட்கவில்லை.
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

அம்மாபேட்டையில் தயிர் தானாக ஆகும்.
பாலை மறந்துவிட்டாலே ஆகும்.
இரவு ஒரு சொட்டு விட்டுப் படுத்தால்
விடிவதற்குள் புளிக்கத் தொடங்கியிருக்கும்.
என் கைராசி என்று நினைத்திருந்தேன்.
வெயில்.

இங்கே மார்கழி.
முதல் நாள் காலை, நேற்று வைத்த பால்
நேற்று வைத்த பாலாகவே இருந்தது.
இரண்டாம் நாள் பாக்கெட் தயிரில் உறை விட்டேன்,
கோந்துபோல் கரண்டியோடு இழுபட்டது.
மூன்றாம் நாள் யாரோ சொன்னார்களென்று
மிளகாய்க் காம்பு ஐந்தைக் கிள்ளிப் போட்டேன்.
காலையில் காம்புகள் மிதந்தன,
மழை நாளில் ஆள் ஏறாத
ஏரிப் படகுகள் மாதிரி.

"கடையில வாங்கிக்கயேன்" என்றான் அங்கமுத்து போனில்.
அவனுக்குச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை.
நாள் முழுக்கப் பற்றவைக்கிற நெருப்புக்கு முன்னால்
உட்கார்ந்திருப்பவன்.
சூடு எல்லா ஊரிலும் கிடைக்கும்
என்று நினைக்கிறவன்.

நாகலூரில் மீட்டர் பார்க்கப் போனேன்.
மரியபுஷ்பம் வீட்டில்
இரண்டு மாதத்துக்கு நாற்பத்தேழு யூனிட்.
ஃபிரிட்ஜ் இல்லை, ஹீட்டர் இல்லை.
அடுப்படியில் மூடி வைத்த சட்டியில்
கத்தி போட்டால் நிற்கிற தயிர்.
ஒரு கரண்டி கேட்கலாமா என்று நின்றேன்.
பொழுது சாய்ந்துவிட்டது.
விளக்கு வைத்தபின் தயிர் கொடுப்பார்களா?

"இன்னும் எங்க வெளக்கு வச்சோம்?
மூணு மணிக்குப் போன கரண்டு வரவே இல்ல.
ஒங்க ஆபீஸ்தான் எனக்கு நல்ல நேரம் பாத்துக் குடுக்குது."

சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.
சிரிப்பு நின்றதும் சொன்னாள்:
"காய்ச்சின பால்ல சுண்டுவிரல விட்டு எண்ணு.
அஞ்சுல கைய எடுத்தீன்னா இன்னும் கொதி.
பத்து வரைக்கும் தாங்குனா அதான் பக்குவம்.
அதுக்கும் மேல சொகமா இருந்துச்சுன்னா
ஆறிப்போச்சு, திரும்ப அடுப்புல வை.
கீழ சொட்டு விட்டிருப்ப, இங்க கரண்டி விடு.
போத்தி வை.
ராத்திரி எந்திரிச்சுத் தொறந்து தொறந்து பாக்காத.
பாத்தா அது முழிச்சுக்கும்."

அரிசி மூட்டைக்குள் புதைக்க
என்னிடம் மூட்டை இல்லை, இரண்டு கிலோ பை.
வைக்கோல் இல்லை. வெந்நீர் அண்டா இல்லை.
ஸ்கூட்டர் ஹெல்மெட் இருந்தது.
தூக்குப்போசியை அதற்குள் இறக்கினேன்.
பஞ்சு சரியாகக் கவ்விக்கொண்டது.
மேலே வாரியத்தின் காக்கி ஸ்வெட்டரைச் சுற்றி
தாடைப் பட்டையையும் மாட்டிவிட்டேன்.
தரை ஜில்லிட்டது.
கட்டிலில் அவன் படுக்கிற பக்கம் வைத்து
அவன் கம்பளியைப் போர்த்தினேன்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
ஓட்டின் மேல் பனி சொட்டுகிற சத்தம்.
கம்பளிக்குள் கை போனது, ஸ்வெட்டர் வரை போனது.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
ஒன்பதில் கையை இழுத்துக்கொண்டேன்.

காலையில் போசியைச் சாய்த்தேன்.
அசையவில்லை.
இன்னும் சாய்த்தேன்.
மேலே லேசாக ஒரு சுருக்கம்,
ஓரத்தில் தெளிந்த நீர் கொஞ்சம்.
கரண்டி வெட்டிய இடம் வெட்டியபடியே நின்றது.
தின்னும் முன் ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்தேன்.
மீதியைப் பழைய சோறும் இல்லாமல்
நின்றபடியே தின்றேன்.

போட்டோ அனுப்பினேன்.
"தயிர் சரி, ஹெல்மெட் எதுக்கு?" என்று கேட்டிருந்தான்.
அது எந்தத் தலையணையில் கிடக்கிறது என்பதை
அவன் பார்க்கவில்லை.

எட்டரைக்கு மஞ்சக்குட்டைக்குக் கிளம்பினேன்.
பனியில் பத்தடிக்கு மேல் சாலை தெரியவில்லை,
கைவிரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வரவில்லை.
காதோரம் மட்டும்
இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பு,
மெல்லிய பால் வாசனை.